அந்தப் படத்துல இருக்கறவங்க சேமிக்கத் தெரியாதவங்க இல்ல



"ரிசஷன் வருது", "எமர்ஜென்சி ஃபண்ட் இல்லைன்னா உங்க கதி இதுதான்" என்ற மாதிரி தலைப்பில் வரும் வீடியோக்களோட தம்ப்நெயிலைக் கவனிச்சிருக்கீங்களா? அடிக்கடி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வரும். கன்னத்துல கை வெச்சு எங்கேயோ பார்த்துட்டு இருக்கற ஒரு பெண். முகத்தைத் திருப்பிக்கிட்டு அவங்க தோள்ல சாஞ்சிருக்கற ரெண்டு குழந்தைங்க. மடியில ஒரு கைக்குழந்தை. மேல பெரிய சிவப்பு எழுத்துல ஒரு எச்சரிக்கை.

அந்தப் படம் சொல்ல வர்ற செய்தி நமக்கு உடனே புரிஞ்சிடுது: "இன்னைக்கு சேமிக்கலைன்னா நாளைக்கு நீங்க இப்படி."

எனக்கு இதுல பலமான கருத்து வேறுபாடு இருக்கு. சேமிக்கணும் என்பதில் இல்ல. அதை நம்ம சேனல்ல வாரா வாரம் சொல்லிட்டுதான் இருக்கோம். அந்தப் பெண்ணை அந்த எச்சரிக்கைக்குப் பக்கத்துல நிறுத்தறதுலதான் பிரச்சினை. 1930களில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட அந்தப் படங்களுக்குப் பின்னாடி இருக்கற கணக்கைப் பார்த்தா, அவங்க யாரும் பட்ஜெட் போடத் தெரியாம தெருவுக்கு வந்தவங்க இல்லைன்னு தெரியும். அவங்க கையெழுத்துப் போட்ட, பல சமயம் கையெழுத்தே போடாத, ஒப்பந்தங்கள்தான் அவங்களுக்கு எதிரா எழுதப்பட்டிருந்தன. சம்பளம் வாங்கற நாம அதைத் தெரிஞ்சுக்கறது முக்கியம்னு நினைக்கிறேன். ஏன்னு கடைசியில சொல்றேன்.

சார்ட்ல தெரியாத டிப்ரஷன்

ஃபைனான்ஸ் உலகத்துல கிரேட் டிப்ரஷன் என்றாலே ஒரு சார்ட்தான். 1929 செப்டம்பர்ல 381 புள்ளியில இருந்த டவ் ஜோன்ஸ், 1932 ஜூலையில 41க்கு வந்தது. கிட்டத்தட்ட 89% சரிவு. பழைய உச்சத்தைத் திரும்பத் தொட 1954 வரைக்கும் ஆச்சு. இதைக் காட்டி "டைவர்சிஃபை பண்ணுங்க"ன்னு சொல்லி முடிச்சிடுவோம்.

ஆனா அந்தப் புகழ்பெற்ற படங்கள்ல இருக்கற விவசாயக் கூலிகளுக்கும் வாரத்துக்கு உழுதவங்களுக்கும் அந்த சார்ட்டோட நேரடித் தொடர்பே கிடையாது. அவங்களைத் தொட்டது வேற மூணு விஷயம்: 1933ல நாலு பேர்ல ஒருத்தருக்கு வேலை இல்லாத நிலைமை, விளைபொருளோட விலை வீழ்ச்சி, வங்கிகளோட சரிவு. 1930க்கும் 1933க்கும் நடுவுல சுமார் 9,000 அமெரிக்க வங்கிகள் மூடப்பட்டன. அப்போ டெபாசிட் இன்ஷூரன்ஸ்னு தேசிய அளவில ஒண்ணு கிடையாது. வங்கி போனா பணம் முழுசா திரும்ப வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. அதாவது, ஒழுங்கா சேமிச்சவங்கதான் அங்க அடி வாங்கினாங்க. "ஆறு மாசச் செலவை சேவிங்ஸ் அக்கவுண்ட்ல வைங்க"ன்னு நாம சொல்றதை 1930லயே செஞ்சவங்க அவங்க.

யார் எடுத்த படங்கள் இவை?

1935ல அமெரிக்க அரசு மறுகுடியேற்ற நிர்வாகம்னு ஒரு துறையைத் தொடங்கியது. நிலத்தை இழந்த, நிலமே இல்லாத கிராமத்து ஏழைகளுக்கு உதவுறது அதோட வேலை. 1937ல அதுவே பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம், சுருக்கமா எஃப்எஸ்ஏ, என்று மாறியது. அந்தத் துறைக்குள்ள ராய் ஸ்ட்ரைக்கர் என்பவர் ஒரு சின்ன புகைப்படப் பிரிவை நடத்தினார். டோரதியா லாங், வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ராத்ஸ்டீன், ரசல் லீ, மரியன் போஸ்ட் வால்காட், கார்டன் பார்க்ஸ் என்று பலர் அவருக்காக நாடு முழுக்கச் சுத்தினாங்க. பிறகு போர்க்காலத் தகவல் துறையோட சேர்க்கப்பட்ட அந்தத் தொகுப்புல இன்னைக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இருக்கு.

இதுல ஒரு ஆடிட்டருக்குப் பிடிச்ச விவரம் உண்டு. லாங் முதல்ல வேலை பார்த்தது கலிஃபோர்னியா மாநில நிவாரணத் துறையில. பால் டெய்லர்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர், புலம்பெயர்ந்த விவசாயத் தொழிலாளர்களைப் பற்றி அறிக்கை தயாரிச்சிட்டு இருந்தார். எண்களை மட்டும் கொடுத்தா மேலிடம் அசையாது, கூடவே படமும் வேணும்னு அவர் நினைச்சார். ஆனா அந்தத் துறையோட பட்ஜெட்ல போட்டோகிராஃபர்னு ஒரு பதவியே இல்ல. அதனால லாங்கை 'டைப்பிஸ்ட்'னு சேர்த்தாங்க! டிப்ரஷன் காலத்தோட மிக முக்கியமான படப்பதிவுகள்ல ஒண்ணு, கணக்குப் புத்தகத்துல டைப்பிஸ்ட் சம்பளமா உட்கார்ந்திருக்கு. பதிவு ஒண்ணு, உள்ளடக்கம் வேற. வருஷா வருஷம் நாங்க கிளையன்ட்கிட்ட சண்டை போடற விஷயம்; இந்த ஒரு தடவை மட்டும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

அந்த அறிக்கைக்குப் பலன் கிடைச்சது. சாக்கடை ஓரத்துல கோணியையும் அட்டையையும் வெச்சுக் கட்டின குடிசைகளோட படங்களைப் பார்த்த பிறகு, தொழிலாளர்களுக்கு முகாம் கட்ட 20,000 டாலர் ஒதுக்கினாங்க. மேரிஸ்வில், ஆர்வின் என்ற இரண்டு இடங்கள்ல குழாய்த் தண்ணி, கழிப்பறை, குளிக்க இடம் என்று முகாம்கள் வந்தன.

தம்ப்நெயில்ல இருக்கற அந்த அம்மா

இப்போ அந்தப் படத்துக்கு வருவோம். 1936 மார்ச், கலிஃபோர்னியாவில நிப்போமோ என்ற ஊர். பட்டாணி பறிக்க வந்த கூலிகளோட முகாம். பனியில பட்டாணிச் செடி கருகிப் போச்சு. பறிக்க ஒண்ணும் இல்ல, பறிச்சாத்தானே கூலி? வேலை நாள் வீணானதுக்கு யாரும் ஈடு தரப் போறதில்ல. வேற ஊருக்குப் போக பெட்ரோல் போடணும், அதுக்கும் காசு வேணும்.

அங்கதான் லாங் ஒரு கித்தான் கூடாரத்துக்கு அடியில உட்கார்ந்திருந்த 32 வயசுப் பெண்ணைப் படம் எடுத்தார். பேரைக்கூட கேட்கலைன்னு லாங்கே பின்னாடி எழுதியிருக்கார். சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகையில இந்த முகாமோட நிலைமை படத்தோட வெளியானதும், அரசு 20,000 பவுண்டு உணவுப் பொருளை அங்க அனுப்பியது. அது வந்து சேர்றதுக்குள்ள அந்தக் குடும்பம் வேலை தேடி வேற ஊருக்குப் போயிடுச்சு.

அந்தப் பெண் யார்னு உலகத்துக்குத் தெரிஞ்சது 1978ல. பேர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், செரோக்கி பூர்வகுடியைச் சேர்ந்தவர். அந்தப் படத்தால தனக்கு ஒரு காசு வரலைன்னும், அதை எடுக்காமலே இருந்திருக்கலாம்னும் அவர் அப்போ சொன்னார். லாங்குக்கும் ராயல்டி கிடையாது. அரசு ஊழியரா எடுத்த படம், யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம். நம்ம தம்ப்நெயில்கள்ல அது இவ்வளவு சுலபமா வந்து உட்காருறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போ சொல்லுங்க, இவங்க சோம்பேறியா? தான் நூறு பவுண்டு எடைகூட இல்லாத காலத்துல ஒரு நாளைக்கு 450, 500 பவுண்டு பருத்தி எடுத்தேன்னு அவர் சொல்லியிருக்கார். வயல் வேலை, சமையல், ஆஸ்பத்திரி வேலை என்று கிடைச்ச எல்லாத்தையும் செஞ்சு பிள்ளைகளை வளர்த்தார். வளர்ந்த பிள்ளைகள் 1970கள்ல அவருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தாங்க. அவருக்கோ சக்கரம் வெச்ச நடமாடும் வீடுதான் பிடிச்சிருந்தது; அதுக்கே திரும்பிப் போயிட்டார். 1983ல உடம்பு மோசமானபோது மருத்துவச் செலவுக்காக பிள்ளைகள் பொதுமக்கள்கிட்ட உதவி கேட்க வேண்டி வந்தது. சுமார் 35,000 டாலர் சேர்ந்தது. அதே வருஷம் அவர் இறந்தார்.

இந்த முழுக் கதையில ஒரு இடத்துலயாவது "இவங்க ஒழுங்கா சேமிச்சிருந்தா"ன்னு சொல்ல முடியுதா பாருங்க. எனக்கு ஒரு இடமும் கிடைக்கல. துண்டு வேலைக்குக் கூலி, பயிர் போனா கூலி இல்ல, கடைசி வயசுல மருத்துவச் செலவைத் தாங்க ஆள் இல்ல. இதுதான் கிடைச்சது.

அலபாமாவில் ஒரு கணக்கு

வீட்டு நிலைமையைப் பற்றிப் பேசணும்னா 1936 கோடையில அலபாமாவோட ஹேல் கவுண்டிக்குப் போகணும். ஃபார்ச்சூன் பத்திரிகைக்காக எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியும், போட்டோகிராஃபர் வாக்கர் எவன்ஸும் மூணு பருத்தி விவசாயக் குடும்பங்களோட சில வாரம் தங்கினாங்க. கட்டுரையை ஃபார்ச்சூன் வெளியிடல. குடும்பங்களோட பேரை மாத்தி, 1941ல அது புத்தகமா வந்தது. அப்போ சில நூறு பிரதிகள்தான் வித்தது.

எவன்ஸ் எடுத்த ஒரு படத்துல சமையலறைச் சுவர் மட்டும்தான் இருக்கு. பெயின்ட் பார்க்காத பலகைச் சுவர். அதுல ஒரு மரச்சட்டத்தை ஆணி அடிச்சு, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல முள்கரண்டியையும் ஸ்பூனையும் வரிசையா செருகி வெச்சிருக்காங்க. அலமாரி வாங்க வழியில்லாத வீட்டுல ஸ்பூனுக்கும் ஒரு இடம் இருக்கு. இன்னொரு படத்துல கை கழுவற பேசின், சுவத்துல தொங்கற துண்டு, உள்ளே மேசை மேல ஒரு விளக்கு. எல்லாம் அதது இடத்துல. ஒழுங்கு இல்லாதவங்க வீடு இப்படி இருக்காது.

அப்போ ஏன் ஏழை? ஏஜி அந்தக் கணக்கையும் எழுதி வெச்சிருக்கார். அதுல ஒரு குடும்பத்துக்கு நிலம் கிடையாது, வீடு கிடையாது, உழ கோவேறு கழுதையும் கிடையாது. எல்லாம் நிலச் சொந்தக்காரருடையது. நம்ம ஊர்ல வாரத்துக்கு உழுறதுன்னு சொல்வாங்களே, அதுதான். விளைஞ்ச பருத்தியில பாதி, பருத்தி விதையில பாதி, சோளத்துல பாதி சொந்தக்காரருக்கு. மிச்ச பாதியும் முழுசா கைக்கு வராது. மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் சாப்பாட்டுச் செலவுக்கு மாசம் 10 டாலர் அவர்கிட்ட கடன் வாங்கணும். அதை 8% வட்டியோட தன் பாதியில இருந்து கழிக்கணும். உரச் செலவுல தன் பங்கு, அதுக்கும் வட்டி. நடுவுல வேற கடன் வாங்கியிருந்தா, அதுக்கும் வட்டி.

8% தானேன்னு தோணும். பர்சனல் லோன் இதைவிட அதிகம்னு நினைப்பீங்க. கொஞ்சம் கணக்குப் போடுவோம். மாசத் தொடக்கத்துல 10 டாலர் வீதம் நாலு மாசம், மொத்தம் 40 டாலர். பருத்தி வித்து அக்டோபர் தொடக்கத்துல கணக்கு முடிச்சா, மார்ச் பணம் 7 மாசம் கையில இருந்திருக்கும், ஜூன் பணம் 4 மாசம். சராசரி ஐந்தரை மாசம். அந்த 8%ஐ மொத்தத் தொகை மேல ஃபிளாட்டா போட்டா 3 டாலர் 20 சென்ட். ஐந்தரை மாசத்துக்கு 8%ன்னா வருஷக் கணக்குல 17%க்கு மேல. ஃபிளாட் ரேட் லோன் விளம்பரத்தைப் பார்த்து நீங்க கேட்க வேண்டிய அதே கேள்வி இங்கயும் இருக்கு.

வட்டியைவிட முக்கியமான விஷயம், கணக்குப் புத்தகம் யார்கிட்ட இருக்குங்கறது. கடன் கொடுத்தவரே நிலச் சொந்தக்காரர். விளைச்சலோட கணக்கை முடிக்கறதும் அவர். ஒரே ஆள் கடன்காரர், முதலாளி, வீட்டு ஓனர், அக்கவுண்டன்ட். எந்த ஆடிட்டரும் இந்த அமைப்புக்குக் கையெழுத்துப் போட மாட்டார். அறுவடை முடிஞ்சு வருஷக் கணக்குப் பார்க்கும்போது கையில ஒண்ணும் மிஞ்சாம, சில வருஷம் கடனோடவே அடுத்த வருஷத்தைத் தொடங்கினாங்க. வருமானத்துல 20% சேமிக்கணும்னு இவங்ககிட்ட சொன்னா, எதுல இருந்து 20%?

டிராக்டர் வந்த வீடு

1938ல டெக்சஸ்ல லாங் எடுத்த ஒரு படத்துல மனுஷங்களே கிடையாது. ஒரு மர வீடு. அதோட வாசல் வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு உழவுச் சால். வீட்டைச் சுத்தி கால் வைக்க இடமில்ல. குடித்தனக்காரர் போயாச்சு, டிராக்டர் வந்தாச்சு.

இதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. பருத்தி விலை அதலபாதாளத்துக்குப் போனதால, 1933ல இருந்து சாகுபடிப் பரப்பைக் குறைக்கறவங்களுக்கு அரசு பணம் கொடுத்தது. விலையை ஏத்தணும்னா உற்பத்தியைக் குறைக்கணும். பொருளாதாரப் பாடத்துல சரியான பதில். ஆனா பணம் பெரும்பாலும் நிலச் சொந்தக்காரர் கைக்குப் போச்சு. பரப்பு குறைஞ்சதால அத்தனை குடித்தனக்காரர் தேவையில்ல. கையில வந்த பணத்துல டிராக்டர் வாங்க முடிஞ்சது. நல்ல நோக்கத்தோட போட்ட ஒரு திட்டம், யார் பேர்ல செக் எழுதறோம்னு யோசிக்காததால, ஏழையோட வீட்டைக் காலி பண்ணுச்சு. தெற்குச் சமவெளியில புழுதிப் புயலும் வறட்சியும் சேர்ந்துக்கிட்டது. கலிஃபோர்னியா ரோட்டுல மூட்டை முடிச்சோட நின்ன பல குடும்பங்கள் இப்படி வந்தவங்கதான்.

வீடு வாங்கினவங்க கதை

நகரத்துல ஹவுசிங் லோன் வாங்கினவங்க? 1920கள்ல அமெரிக்க வீட்டுக் கடன் பெரும்பாலும் மூணுல இருந்து பத்து வருஷத்துக்குள்ள முடியற கடன். பல கடன்கள்ல நடுவுல வட்டி மட்டும் கட்டணும். கடைசியில மொத்த அசலையும் ஒரே தடவையா கட்டணும். யாரும் அப்படிக் கட்ட மாட்டாங்க. வங்கி புதுப்பிச்சுக் கொடுக்கும் என்ற நம்பிக்கையில போச்சு.

உதாரணத்துக்கு, 6,000 டாலர் வீடு, 3,000 டாலர் கடன், 6% வட்டி, 5 வருஷம். வருஷம் 180 டாலர் வட்டியை ஒரு நாள் தவறாம கட்டினாலும், ஐந்தாவது வருஷ முடிவுல பாக்கி அதே 3,000 டாலர். அந்த நேரத்துல வங்கியே மூடிட்டா? வீட்டு விலை பாதியாகிட்டா? ஒரு தவணைகூடத் தவறாதவர் வீடும் ஏலத்துக்குப் போகும். 1933ல ஒரு நாளைக்கு சுமார் ஆயிரம் வீடுகள் ஜப்தியில போயிட்டு இருந்தன. மக்கள் தகரம், பலகை, அட்டை வெச்சுக் கட்டிக்கிட்ட குடிசைப் பகுதிகளுக்கு அப்போதைய ஜனாதிபதி பேரை வெச்சு 'ஹூவர்வில்'னு பட்டப்பேர் வந்தது.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வா வந்ததுதான் 1933ல வீட்டுக் கடன் மீட்புக் கழகமும், 1934ல கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும். முதல் அமைப்பு சுமார் பத்து லட்சம் கடன்களை நீண்ட காலத் தவணையா மாத்திக் கொடுத்தது. மாசா மாசம் வட்டியும் அசலும் சேர்ந்து குறையற கடன் ஏற்கனவே இருந்தாலும், அதை நாடு முழுக்கப் பொதுவான முறையாக்கியது இந்த அமைப்புகள்தான். நீங்க இஎம்ஐ ஷெட்யூல்ல ஒவ்வொரு மாசமும் அசல் கொஞ்சம் குறையறதைப் பார்க்கறீங்களே, அந்த வசதியை அன்னைக்கு வீட்டை இழந்தவங்க பார்க்கல.

வேலை இருந்தும் ஏழை

"எனக்கு நிரந்தர வேலை, அரசு கம்பெனி"ன்னு நினைக்கறவங்களுக்கு இன்னொரு படம். 1942, வாஷிங்டன். எஃப்எஸ்ஏவுக்குப் புதுசா வந்த கறுப்பின போட்டோகிராஃபர் கார்டன் பார்க்ஸ், அதே கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கற எல்லா வாட்சன் என்ற பெண்ணை அமெரிக்கக் கொடிக்கு முன்னாடி நிறுத்திப் படம் எடுத்தார். ஒரு கையில துடைப்பம், பக்கத்துல தரை துடைக்கற மாப்.

அவரோட சம்பளம் வருஷத்துக்கு 1,080 டாலர். மாசம் 90 டாலர். அதுல பேரக்குழந்தைகளும் வளர்ப்பு மகளும் அடக்கம். நிரந்தர வேலை, மத்திய அரசு சம்பளம், அப்படியும் அந்த நிலைமை. கறுப்பினப் பெண்ணுக்கு மேல போக வழி வைக்காத ஒரு அமைப்பு அது. ஏழ்மையைப் படம் எடுத்து நாட்டுக்குக் காட்டின துறை, தன்னோட சொந்தத் தரையைத் துடைக்கறவரைப் படம் எடுக்க ஒரு கார்டன் பார்க்ஸ் வர வேண்டியிருந்தது.

"இதெல்லாம் அரசுப் பிரச்சாரம் தானே?"

நியாயமான கேள்வி. ரூஸ்வெல்ட் அரசோட திட்டங்களுக்கு ஆதரவு திரட்டத்தான் இந்தப் பிரிவே இருந்தது. ஸ்ட்ரைக்கர் தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்கள்ல ஓட்டை போட்டுக் கெடுத்தார். 1936ல ராத்ஸ்டீன் வறண்ட நிலத்துல ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி தூரம் நகர்த்தி வெச்சுப் படம் எடுத்தது தெரிஞ்சு, தேர்தல் நேரத்துல எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் "எல்லாமே செட்டப்"னு கிழிச்சாங்க. நிப்போமோ படத்துலயே ஓரத்துல தெரிஞ்ச ஒரு கட்டைவிரலை லாங் பின்னாடி ரீடச் பண்ண வெச்சார். கார் டயரை வித்து சாப்பிட்டாங்கன்னு அவர் எழுதினதை அந்தக் குடும்பம் மறுத்தது.

அதனால இந்தப் படங்களை அப்படியே சாட்சியா எடுத்துக்கச் சொல்லல. ஒரு படம் பேலன்ஸ் ஷீட் மாதிரி. ஒரு தேதியில நிலைமை என்னன்னு காட்டும். அந்த நிலைமைக்கு எப்படி வந்தாங்கன்னு காட்டாது. அதுக்கு நோட்ஸைப் படிக்கணும்.

படிக்காம விட்டா என்ன ஆகும்னு ஒரு உதாரணம். "உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம்"னு எழுதின பிரம்மாண்டமான விளம்பரப் பலகை. அதுல காருக்குள்ள சிரிக்கற ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். கீழே கையில பாத்திரத்தோடயும் பையோடயும் வரிசையில நிக்கற கறுப்பின மக்கள். மார்கரெட் பர்க்-ஒயிட் லைஃப் பத்திரிகைக்காக எடுத்தது. டிப்ரஷன் கால வேலையில்லாதவங்க வரிசைன்னுதான் இதை எல்லாரும் ஷேர் பண்றாங்க. உண்மையில அது 1937ல லூயிவில் நகரத்துல வந்த வெள்ளத்துல பாதிக்கப்பட்டவங்க நிவாரணத்துக்கு நின்ன வரிசை. படம் பொய் இல்ல. நாமதான் நோட்ஸைப் படிக்கல.

சரி, இதுல நமக்கு என்ன?

ஒண்ணு. உங்க பேஸ்லிப்பைத் திறந்து பாருங்க. பிஎஃப் பிடித்தம், சிலருக்கு இஎஸ்ஐ. டேக் ஹோம் குறையுதேன்னு எரிச்சல் வர்ற வரிகள். நம்ம நாட்டுல 1948ல இஎஸ்ஐ சட்டமும் 1952ல பிஎஃப் சட்டமும் வந்தன. 1960ல பாலை சென்ட்ரல் வங்கி சரிஞ்ச பிறகு, 1962ல டெபாசிட் இன்ஷூரன்ஸ் வந்தது. இன்னைக்கு ஒரு வங்கியில ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும் பாதுகாப்பு. அமெரிக்காவுல அதே டெபாசிட் இன்ஷூரன்ஸ் 1933ல வந்தது. நம்ம எமர்ஜென்சி ஃபண்டும், எஃப்டியும் இந்தத் தரை மேலதான் நிக்குது. அந்தத் தரை உங்க தனிப்பட்ட ஒழுக்கத்தால வந்தது இல்ல.

ரெண்டு. தரை போடும்போதே சிலரை வெளிய விட்டுடுவாங்க. 1935ல அமெரிக்காவோட சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்யறவங்களும் அதுல சேர்க்கப்படல. நாட்டையே உலுக்கின படங்கள்ல இருந்த அதே மக்கள்! அவங்களைச் சேர்க்க 1950கள் ஆச்சு. வீட்டுக் கடன் திட்டங்களும் கறுப்பினக் குடியிருப்புகளை வரைபடத்துல சிவப்புக் கலர் அடிச்சு ஆபத்தான பகுதின்னு தள்ளி வெச்சது. இன்னைக்கு ராத்திரி உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வர்றவர்கிட்ட பேஸ்லிப் இருக்கா, பிஎஃப் இருக்கான்னு ஒரு நிமிஷம் யோசிங்க. மழையில ஆர்டர் வரலைன்னா அவருக்கு அன்னைக்குக் கூலி யார் தருவாங்க?

மூணு, எனக்கு ரொம்ப முக்கியமானது. ஐடியில லே-ஆஃப் நடக்குது. ஃப்ரெண்டு ஒருத்தன் போன் பண்ணி வேலை போச்சுன்னு சொல்றான். நம்ம வாயில முதல்ல வர்ற கேள்வி, "ஆறு மாசத்துக்கு ஃபண்ட் வெச்சிருந்தியா?" பர்சனல் ஃபைனான்ஸ் பேசற நாங்கதான் இந்தக் கேள்வியை உங்களுக்குப் பழக்கினோம். தயவு செஞ்சு அதை இரண்டாவது கேள்வியா வெச்சுக்கங்க. முதல்ல, "நோட்டீஸ் பீரியட் எவ்வளவு கொடுத்தாங்க, செட்டில்மென்ட் என்ன, ஹெல்த் இன்ஷூரன்ஸ் எப்போ முடியுது"ன்னு கேளுங்க. பிரச்சினை அவனோட ஒழுக்கத்துல இல்லாம ஒப்பந்தத்துல இருக்கலாம். அவனே தன்னைக் குத்தம் சொல்லிட்டு இருக்கற நேரத்துல நீங்களும் சொல்ல வேண்டாம். நாளைக்கு அந்த இடத்துல நீங்க இருந்தா, உங்களை நீங்களும் அப்படித் திட்டிக்காதீங்க.

"அப்போ சேமிக்க வேண்டாமா?" வேணும். எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், கம்பெனி பாலிசியைத் தாண்டி சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி, இந்த மூணுலயும் எந்தச் சமரசமும் இல்ல. உலகத்துலயே புகழ்பெற்ற படத்துல இருந்த பெண்ணுக்கும் கடைசியில மருத்துவச் செலவுக்கு மக்கள்கிட்ட கை நீட்ட வேண்டி வந்ததைப் பார்த்தோம். ஆனா சேமிப்புக்கு ஒரு எல்லை உண்டு. மாசம் பத்து டாலர் கடன்ல வாழறவருக்கு அது பதில் இல்ல. வங்கியே மூடற நாள்ல ஒழுங்கா சேமிச்சவருக்கும் அது மட்டும் போதாது.

அதனால இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஆஃபர் லெட்டர், வீட்டு வாடகை ஒப்பந்தம், ஏதாவது லோன் இருந்தா அதோட சாங்ஷன் லெட்டர், மூணையும் எடுத்து முழுசா படிங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரே கேள்வி: நிலைமை மோசமானா நஷ்டம் யார் தலையில விழும்? பதில் எங்க எழுதியிருக்குன்னு பென்சில்ல கோடு போடுங்க. உங்க தலைன்னு எழுதியிருந்தா, எமர்ஜென்சி ஃபண்டை அதுக்குத் தகுந்த மாதிரி கூட்டுங்க. பேசி மாத்த முடிஞ்சா மாத்துங்க.

அடுத்த தடவை அந்த அம்மாவோட படம் தம்ப்நெயில்ல வந்தா, அவங்க பேர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதை ஞாபகம் வெச்சுக்கங்க. நம்ம சேனல்ல அந்தப் படத்தைப் பயம் காட்டறதுக்குப் பயன்படுத்தறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கேன்.